எட்டுக் கிணறுகளில் ஒரே முகம்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். நாளை அந்தப் படங்கள் அடுப்புக்குப் போய்விட்டால், ஜெயமணி அக்கா என்ன செய்தார்கள் என்பதற்கு இந்தத் தாளாவது மிஞ்சட்டும்.

இரண்டு வாரத்துக்கு முன், தையல் வகுப்பில் ஊசி கோத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சு வசந்தா சொன்னாள்: "ஸ்டூடியோ அக்கா பூட்டாங்களாம்." அவர்கள் காய்ச்சலில் கிடந்ததே எனக்குத் தெரியாது.

மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில்தான் அவர்கள் ஸ்டூடியோ. கணவர் விட்டுப்போன பின் கேமராவையும் இருட்டறையையும் தனியாகவே பார்த்துக்கொண்டார்கள். முதலில் கிடைத்தது கெட்ட பெயர்தான். கடைக் கிணற்று நீரில் அலசிய படங்கள் சில மாதங்களில் வெளுத்தன. ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து, "இன்னாம்மா, மாப்ள கீறாரு, பொண்ணு எங்க? ஓடிப்பூட்டாளா?" என்று கேட்டதில் தெருவே சிரித்தது. அக்கா தாளை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். கடைசியில் வானகரத்திலிருந்து சைக்கிளில் ஒரு குடம் தண்ணீர் கட்டி வந்து அலசினார்கள். அந்தப் படம் வெளுக்கவில்லை.

"நம்ம கெணத்துத் தண்ணி பாத்தா கண்ணாடியாட்டம் கீது. நம்ம கண்ணுக்குத் தெரியாதது படத்துக்குத் தெரியுது," என்றார்கள்.

பிறகு எட்டு வீடுகளில் கிணற்று நீர் கேட்டு வாங்கினார்கள். ஒரே நெகட்டிவில் எட்டுப் படம் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு கிணற்று நீரில் இரண்டு நாள் ஊறவிட்டார்கள். எட்டும் அவர்களுடைய முகம்தான். ஏன் என்று கேட்டேன்.

"அடுத்தவங்க மூஞ்சி அழிஞ்சா அபசகுனம்னு சண்டைக்கு வருவாங்க. என் மூஞ்சிக்கு யாரு வரப்போறா?"

எங்கள் வீட்டு நீரை நான்தான் பாட்டிலில் கொண்டுபோனேன். முலாம் பூசும் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டியது எங்கள் கிணறு. கழிவுநீரை அந்தச் சுவரோரக் குழியில்தான் விடுகிறார்கள். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. எங்கள் படத்தில் அக்காவின் கொண்டையும் புருவமும் மிஞ்சின. முகம் இல்லை. என் தம்பி அந்த நீரைத்தான் குடிக்கிறான்.

எட்டையும் வரிசையாக ஷோகேஸில் மாட்டி, கீழே வீட்டு எண்களை எழுதினார்கள். தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்து எடுக்கச் சொன்னார். அக்கா ஒரு தம்ளரில் எங்கள் கிணற்று நீரை நீட்டி, "இத்த குடிச்சிட்டு சொல்லுங்க சார், எடுத்துடறேன்," என்றார்கள். அவர் குடிக்கவில்லை. படங்களும் இறங்கவில்லை.

அவர்கள் போன பின் அவர்களுடைய தம்பி கடையைக் காலி செய்தபோது, படங்களை நான் கேட்டு வாங்கினேன். இன்று மாலை அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "என் வேல பூடும்மா. காலீல நானே அடுப்புல போட்டுடறேன்," என்றார். எனக்கு அப்பாவையும் பிடிக்கும். அதனால்தான் அவரிடம் சொல்லாமல் இதில் எழுதுகிறேன்.

நாளை அக்காவின் காரியம். எல்லோரையும் படம் எடுத்தவர்களை வேறு யாரும் எடுத்ததில்லை. மாலை போட நன்றாக இருக்கிற ஒன்றைக் கொடு என்று அவர்களுடைய தம்பி கேட்டிருக்கிறார். நான் எட்டையும் கொண்டுபோவேன். தெளிந்த முகத்தில் தொடங்கி வரிசையாக மாட்டுவேன். மாலை எட்டாவதற்குத்தான், எங்கள் கிணற்றுப் படத்துக்கு. தெருவே சாப்பிட வரும், பார்க்கட்டும்.

படங்கள் இப்போது பெட்டியில் இல்லை. எங்கே என்று இதில் எழுதமாட்டேன்.

அக்கா, போய் வாருங்கள். நாளைக்கு உங்கள்

கதவைத் தட்டுகிறார். "தூங்கலியாம்மா?" அப்பாதான்