லோடு இருக்கிறதே தெரியவில்லை

எழுபதுகளின் கடைசியில் ஒரு பலாப்பழ சீசன். அப்போது நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சின்ன குவார்ட்டர்ஸில் இருந்தோம். பெரியவள் கைக்குழந்தை. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. எனக்கு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில், இன்ஜின் செக்‌ஷனில் ஃபிட்டர் வேலை. வீட்டில் பலாப்பழம் அறுத்தால் உங்கள் மாமா மட்டும் ஏன் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே பிள்ளைகளா, அந்தக் கதையை இன்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமா அப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் வண்டி. ஆனால் பெட்ரோலைவிட இன்ஜின் ஆயிலைத்தான் அதிகம் குடிக்கும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஒருநாள் சைக்கிளில் போன ஒரு ஆள் இதைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "தள்ளி விடட்டுமா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து உங்கள் மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

வேலை என்னவென்றால், காடாம்புலியூர் தோப்பிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்து மந்தாரக்குப்பம் பழக்கடையில் இறக்குவது. முதல் ஷிஃப்ட் விடும் சங்கு ஊதினால் மைன்ஸிலிருந்து சைக்கிள் கூட்டம் வெள்ளம் மாதிரி வரும். அவர்கள் போகும்போதே வாங்கிக்கொண்டு போனால்தான் வியாபாரம். இன்னொருத்தர் ஒரு டீசல் வண்டி வைத்திருந்தார். அதுவும் பெரிய வேகமில்லை. ஆனால் தினமும் சங்குக்கு முன்னால் வந்துவிடும். நம் வண்டி வருவதற்குள் ஜனங்கள் அவர் பழத்தை வாங்கி, வீட்டுக்குப் போய், தின்று, கையில் ஒட்டின பாலை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைக்காரர் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார். "தோ பாருப்பா, வர்ற திங்கக்கிழமைல இருந்து சங்கு ஊதறதுக்குள்ள பழம் எறங்கணும். இல்லன்னா மொத்த லோடும் அந்த டீசல் வண்டிக்குத்தான்."

சீசன் போனால் உங்கள் மாமாவுக்கு அந்த வருஷமே போன மாதிரி. நேராக அக்கா வீடு என்று எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து நின்றார்.

"மாமா, அவ்ளோ பெரிய மெஷினையெல்லாம் கழட்டி மாட்றீங்க. என் வண்டிய கொஞ்சம் ஓட வெக்கக் கூடாதா?"

என்னிடம் அப்படிக் கேட்டால் விடுவேனா? "ஓட வெக்கறதா? பறக்க வெக்கறேன் பாரு" என்றேன். உங்கள் அம்மா உள்ளே இருந்து, "தரையிலயே போவட்டும், அது போதும்" என்றாள். அதை யார் கேட்டது?

வாசல் பாதாம் மரத்தடியில் இன்ஜினை இறக்கினோம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளிக்கிறதுகூட இல்லை, அதோடுதான் வாழ்க்கை. பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி, அதற்குப் பெரிய சைஸ் பிஸ்டன் போட்டேன். அழுத்தம் ஏறட்டும் என்று ஹெட்டை லேசாகச் சீவினேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய காரின் கார்புரேட்டர் கிடந்தது, அதையும் கொண்டுவந்து மாட்டினேன். வால்வு ஸ்பிரிங் வரிசை மாறக் கூடாது என்பதால் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்திருந்தேன். உங்கள் அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எத்தனை நிமிஷம் வேக வெக்கணும்?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் உப்புமாதான்.

கடைசியாக சைலன்சரையும் கழற்றிவிட்டு ஒரு வெறும் குழாயை வைத்தேன். ஸ்டார்ட் பண்ணினபோது எதிர் பிளாக்கில் துணி காயப்போட்ட அம்மா துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் மாமா மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, பின் கதவை ஆட்டிப் பார்த்தார். "மாமா, இந்தக் கொக்கி லூசா கீது. கழண்டுக்கும் போலக்கீதே?"

இங்கேதான் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் செக்‌ஷன், பிரேக் செக்‌ஷன், பாடி செக்‌ஷன் என்று தனித்தனி. ஒரு செக்‌ஷன் ஆள் இன்னொரு செக்‌ஷன் நட்டைத் தொட மாட்டான். தொட்டால் சண்டை வரும். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டதால், என் வாயில் தானாக வந்தது:

"அது பாடி செக்‌ஷன் வேலை. நம்ம செக்‌ஷன் இல்ல."

என்னமோ பாதாம் மரத்துக்கு அந்தப் பக்கம் பாடி செக்‌ஷன் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு மாமாவோடு காடாம்புலியூர் போனேன். தோப்பில் பழம் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் அணைத்துத் தூக்க வேண்டிய சைஸ். எங்கள் பழத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் வட்டக் குறி. டீசல் வண்டி எங்களுக்கு முன்னாலேயே பாதி லோடோடு கிளம்பிவிட்டது. தோப்புக்காரர், "பின்னால ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கோங்க" என்றார். நேரமில்லை என்று கிளம்பிவிட்டோம்.

ரோட்டுக்கு வந்ததும் உங்கள் மாமா மிதித்தார். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது. என் தலை பின் தகரத்தில் இடித்தது. அங்கே கண்ணாடி உடைந்து போனதால் தகரம் அடித்திருந்தோம். அதனால் பின்னால் பார்க்க வழியில்லை. பக்கத்துக் கண்ணாடியும் கிடையாது. இரண்டும் பாடி செக்‌ஷன்.

கொஞ்ச தூரத்தில் டீசல் வண்டியைப் பிடித்துத் தாண்டினோம். தாண்டும்போது உங்கள் மாமா ஹாரனை அமுக்கினது போதாதென்று, கையை வெளியே நீட்டி டாட்டாவும் காட்டினார். தாண்டின கொஞ்ச நேரத்தில் பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். உங்கள் மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

"மாமா, பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கினு வர்றான்! துண்ட சுத்திக் காட்றான்!"

"ஆத்தாமைடா. நீ அழுத்து."

அழுத்தினார். ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் வண்டி இன்னும் லேசாகிக்கொண்டே போனது. ஹாரன் சத்தம் மங்கி, அப்புறம் காணாமலே போய்விட்டது. மேட்டில் ஏறினோம், மேடு ஏறின மாதிரியே இல்லை. உங்கள் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, நீங்க சாதாரண ஆளில்ல. லோடு இருக்கிறதே தெரியல மாமா!"

"அதான்டா வேலைங்கிறது" என்றேன் நான்.

மந்தாரக்குப்பம் கடை வாசலில் போய் நின்றபோது சங்கு இன்னும் ஊதவில்லை. கடைக்காரர் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டு எழுந்து வந்தார். "பரவால்லியே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தேன்.

பின் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வைக்கோல். ஸ்டெப்னி டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு பலா. கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இதுவும் காய்" என்றார்.

சரியாக அப்போது சங்கு ஊதியது.

சைக்கிள் கூட்டம் வந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள்தான் அத்தனை பேரும். வெறும் வண்டியையும் என் முகத்தையும் பார்த்து ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். பாடி செக்‌ஷன்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தொங்கின கதவைத் தூக்கிப் பார்த்து, கீலை ஆட்டிப் பார்த்து, டாக்டர் மாதிரி தலையை அசைத்தார். "நம்ம செக்‌ஷன் வேலையாச்சே! சொல்லி அனுப்பக் கூடாதா?" கூட்டம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் மாமா சிரிக்கவில்லை. அந்தக் காயைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சீசன் போச்சு என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. இன்றைக்கும் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டால் அவருக்கு அந்தக் கடைப்படிதான் ஞாபகம் வரும், அதனால்தான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

ஒருத்தரும் கலையவில்லை. அப்படி ஒரு வேடிக்கை யாருக்குக் கிடைக்கும்? அப்போதுதான் அந்த டீசல் வண்டி வந்தது, கர்ப்பிணி மாதிரி மெதுவாக. பழத்துக்கு மேல் பழமாக அடுக்கி, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. மேல் வரிசை முழுக்கச் சுண்ணாம்பு வட்டம்.

அவர் இறங்கித் துண்டை உதறினார். உங்கள் மாமாவைப் பார்த்து, "யோவ், உனக்குக் காது கேக்குமா கேக்காதா? ஹாரன் அடிக்கிறேன், லைட்டு போடறேன், துண்ட வீசறேன். நீ டாட்டா காட்டிக்கினு போற!"

"ரேஸ் விடறீங்கன்னு நெனச்சோங்க" என்றார் உங்கள் மாமா.

"இந்த வண்டிய வெச்சுக்கினா?"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஷிஃப்டுக்கு சைக்கிள்ல போற ஜனம்யா. நடுரோட்ல இம்மாம் பெரிய பழம் கெடந்தா மோதி விழ மாட்டானா? அப்படியே வுட்டுட்டு வர மனசு வரல. வழியில போறவங்களும் கை குடுத்தாங்க. ஒடஞ்சத மட்டும் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்ட வுட்டுட்டேன்."

ஒவ்வொரு பழத்துக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தூக்கி, ஏற்றியிருக்கிறார். அதனால் அவரும் சங்குக்குப் பிந்திவிட்டார்.

நல்ல வேளை, எங்களைப் பார்த்துச் சிரிக்க நின்ற கூட்டம் அப்படியே இருந்தது. இரண்டு வண்டிப் பழமும் நின்ற இடத்திலேயே விற்றுப்போனது. பாடி செக்‌ஷன்காரர் இரண்டு பழம் வாங்கினார்.

உங்கள் மாமா தயங்கித் தயங்கிக் கடைக்காரரிடம் போனார். "நாளைக்கு..." என்று இழுத்தார்.

"நீ சீக்கிரம் வர்ற. அவரு பழத்தோட வர்றாரு. நான் யாருக்குக் குடுக்கறது?" என்றார் கடைக்காரர்.

பதில் சொன்னது டீசல் வண்டிக்காரர். "சீசன் ஏறிக்கினு போவுது. நான் ஒருத்தனா எல்லாத்தையும் இழுக்க முடியாது. ஆளுக்குப் பாதி ஓட்டிக்கிறோம். ஆனா ஒண்ணு தம்பி, நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."

அந்த சீசன் முழுக்க அப்படித்தான் ஓடினார்கள். மறுநாளே பாடி செக்‌ஷன்காரரைக் கூட்டிவந்து கதவையும் கண்ணாடியையும் சரிசெய்தேன். சைலன்சரை நானே திரும்ப மாட்டினேன். வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது, எதிர் பிளாக் அம்மா மறுபடியும் துணி காயப்போட்டார்.

இப்போதும் ரோட்டில் யாராவது பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலோ, வீட்டில் நீங்கள் "அப்பா, நில்லுங்க" என்று கத்தினாலோ, எனக்கு அந்தத் துண்டு காற்றில் சுற்றுவது தெரியும். உடனே நின்று, போட்டிக்குத்தான் வருகிறார்களா, இல்லை நான் கீழே போட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.