உளுந்துக் காசுல ஒரு காபி மெஷின்

எங்க வீட்டுல நெல்லுக் காசு அவரோடது, உளுந்துக் காசு என்னோடது. சம்பா அறுப்புக்கு முன்னாடி வயல்ல தெளிக்கிற உளுந்து பங்குனியில வீடு வந்து சேர்ந்தா, அந்தப் பணத்துல யாரும் கை வைக்க முடியாது. இந்தத் தடவை அதுல வீட்டுக்காரருக்கு ஒரு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கணும்னு முடிவு பண்ணேன். கீழ்வேளூர்ப் பக்கம் எஸ்பிரெஸோவான்னு சிரிக்காதீங்க. துபாய் ஓட்டல்ல வருஷக்கணக்கா காபி போட்ட மனுஷன் அவர். லீவுல வந்திருந்தார். எப்பத் திரும்புறீங்கன்னு ஏஜென்ட் சும்மா சும்மா போன் பண்ணிக்கிட்டிருந்தான். எனக்கு அவர் போகக் கூடாது, அவ்வளவுதான். வயல்ல நல்லாத்தான் வேலை பார்த்தார், ஆனா கை எதையோ தேடிக்கிட்டே இருந்துச்சு. அதை இங்கேயே குடுத்துட்டா தங்கிடுவார்னு ஒரு நப்பாசை.

பட்டன், மீட்டர் எல்லாம் வச்சு பளபளன்னு இருந்த ஒண்ணை போன்ல காட்டினேன். "என்னங்க, இது எப்படி?"

"பார்க்க ஜோராத்தான் இருக்கு. குறுவைக்கு ஊர்ல எல்லா மோட்டாரும் ஓடுறப்ப நம்ம டியூப்லைட்டே கண்ணு சிமிட்டுது. இது எங்க சூடாகப் போகுது?"

கரன்டே வேணாம்னுட்டார். அடுப்புல வெந்நீர் வச்சு ஊத்தி, கையால அழுத்துற மெஷின் போதுமாம். அதைவிடக் கூடுதலா காசை, காபிக்கொட்டை அரைக்கிற கைமெஷினுக்குப் போடணுமாம். "தூள் ஒரே சீரா வரலைன்னா எந்த மெஷினும் தண்டம்"னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவ்வளவு காசையும் குடுத்துட்டு நாமளே உட்கார்ந்து சுத்தணுமா? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே வாங்கினேன்.

மெஷின் வந்துடுச்சு, கொட்டை வரலை. எனக்கு ஏது பொறுமை? அவர் மடை பார்க்கப் போன நேரத்துல, டப்பாவுல இருந்த ஃபில்டர் காபித்தூளைப் போட்டு, வெந்நீர் ஊத்தி அழுத்தினேன். அசையலை. மேல ஏறி உட்காராத குறையா அழுத்தினேன். புஸ்ஸுன்னு பீச்சி அடிச்சுது பாருங்க, புடவை, சுவரு, காலண்டர் சாமி வரைக்கும் காபி.

வந்து பார்த்தவர், "அடிப்பாவி, சிக்கரி கலந்த தூளையா போட்ட? அது ஊறி அடைச்சுக்கும்டி"ன்னு தரையில உட்கார்ந்துட்டுச் சிரிச்சார். ஊருக்கு வந்ததுலேருந்து அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.

கொட்டை வந்த அன்னிக்குத்தான் என் வீட்டுக்காரர் யாருன்னு எனக்கே தெரிஞ்சுது. அரைச்ச தூளை விரல்ல தேச்சுப் பார்த்தார். முதல் காபியைக் கொட்டினார்.

"ஐயோ, ஏங்க கொட்டுறீங்க!"

"புளிக்குது."

அரைக்கிற மெஷினைக் கொஞ்சூண்டு திருகி, இன்னும் நைசா அரைச்சார். அடுத்ததையும் கொட்டினார், கசக்குதாம். அதுக்கடுத்தது பாகு மாதிரி மெதுவா, கெட்டியா இறங்குச்சு. நான் லேசுல யாரையும் பாராட்டுறவ இல்லை. ஆனா அந்தக் கை இருக்கே, அடடா! சேறு காய்ஞ்ச நகத்தோட அவ்வளவு நிதானம். ஒரு வாய் குடிச்சேன். சுருக்குன்னு கசந்து, அப்புறம் தொண்டையில வெல்லம் மாதிரி நின்னுச்சு.

அவருக்குன்னு ஒண்ணு போட்டுக்கிட்டிருந்தப்ப போன் அடிச்சுது. ஏஜென்ட். அவரு ரெண்டு கையும் மெஷின் மேல, கண்ணு காபி மேல.

"நீயே எடுத்துச் சொல்லிடு, நான் வரலைன்னு."

எடுத்தேன். "அவருக்கு இங்க வேலை இருக்குங்க, வரமாட்டார்"னு சொன்னேன். அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.