‘சரி’ என்று எழுந்து போன டாக்டரம்மா

திலகவதி அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். பேத்தி கயல்விழி செருப்பில்லாமல் வரப்பில் ஓடி வந்தாள். “தாத்தா, டாக்டரம்மா போயிட்டாகளாம்” என்றாள். “எங்கன போயிருக்காக? இந்த மாசம் இங்கன வாரேன்னு சொன்னாகளே” என்று கேட்டேன். அவள் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி மடையை அடைத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான், மகள் முத்துமாரி, கயல் மூவரும் அல்லிநகரத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊர் குச்சனூருக்குப் பக்கம். பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். கையில் மாலையோடு வாசலில் நின்றேன். சொந்தக்காரர் என்றால் ஒரு முறை உண்டு, ஊர்க்காரர் என்றால் ஒரு முறை உண்டு. எங்களுக்கு எந்த முறை என்று தெரியவில்லை. அவருடைய தம்பி வந்து, “நீங்க யாரு?” என்று கேட்டார். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் என்று சொல்ல முடியாது. அவர் எங்களுக்கு ஒரு மாத்திரைகூடத் தந்ததில்லை. அவரிடம் படித்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. நான் முழித்துக்கொண்டிருந்தபோது கயல்தான், “நாங்க அவுக ஆராய்ச்சியில இருக்கோம்” என்றாள். அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவதாகவும், நானும் எழுதலாம் என்றும் அங்கேதான் சொன்னீர்கள். போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் கை வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் சந்தோஷமாக இருக்கிறது. துக்கத்தை எழுதும்போது சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. அந்த அம்மா இருந்தால் கேட்டிருப்பேன். அவரும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார்.

கயல் முதல் வகுப்பில் இருந்தபோது அவர் முதன்முதலாக வந்தார். பிள்ளைகளின் மனசு எப்படி வளர்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதற்காக, அதே பிள்ளைகளை வருஷா வருஷம் வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். ஊருக்குள் அது வேறு மாதிரி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா குழாயடியில் வைத்தே கேட்டாள். “என்ன மாமா, பேத்திக்கு மூளையில ஏதோ கோளாறாம்ல? தேனியில இருந்து டாக்டரே வீடு தேடி வாராகளாம்?”

“ஆமா ஆத்தா. அடுத்து உன் வீட்டுக்குத்தான் வாராக. பிள்ளைய விட உன் மூளையப் பாக்கத்தான் கூட நேரமாகும்னாக” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது, “எம் பேத்திக்கு என்னம்மா வியாதி? ஒளிக்காமச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் இல்ல ஐயா. நல்லா இருக்கா. அதான் வர்றேன்.”

“நல்லா இருக்குற பிள்ளைக்கு என்னத்துக்கு டாக்டரு?”

“நல்லா இருக்கிற பிள்ளை எப்படி நல்லா இருக்குன்னு முழுசா யாருக்கும் தெரியல. அது தெரிஞ்சாத்தானே மத்த பிள்ளைக்கு என்ன குறையுதுன்னு சொல்ல முடியும்?”

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு அது எனக்குப் பாதிதான் விளங்கியது.

விளங்காத இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து முழுவதும் வாசிப்பார். “வாசிக்க வேணாம்மா, கைநாட்டு வச்சிர்றேன்” என்றால் விடமாட்டார். அதில் ஒரு வரி வரும். விருப்பம் இல்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பத்திர ஆபீசிலும் பாங்கிலும் எத்தனையோ தாளில் கைநாட்டு வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வரியை யாரும் எனக்கு வாசித்ததில்லை. எனக்கு வாசித்த பிறகு கயலிடமும் அதையே சின்னப் பேச்சில் சொல்லி, “உங்கிட்டப் பேசலாமா?” என்று கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். அது ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முத்துமாரி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். விடிவதற்கு முன்னால் தெருவில் ஜீப் வந்து ஆரன் அடிக்கும். பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். மருமகன் திருப்பூரில் இருந்தான். கயல் நான்காம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. முத்துமாரி கால் ஒடிந்து, அது கூடியதும் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அப்போதுதான் பிள்ளை மாறினாள். ஆரன் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பள்ளிக்கூடம் போகமாட்டாள். தாயின் செருப்பை ஒளித்துவைப்பாள். வைக்கோல் படப்புக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் நாங்கள் செருப்பைத் தேடியிருக்கிறோம். சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டோம். கயிறு மந்திரித்துக் கட்டினோம். வயிற்றுக்கு மருந்து வாங்கினோம். பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள்.

அந்த வருஷம் டாக்டரம்மா வரும் நாளைத்தான் நான் நம்பியிருந்தேன். வந்தார், உட்கார்ந்தார், தாளை வாசித்தார். பிறகு கயலைப் பார்த்து, “உங்கிட்டப் பேசலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றாள் கயல்.

“சரி” என்று எழுந்துவிட்டார்.

அவ்வளவுதான். முத்துமாரி கொண்டுவந்த காப்பி அவள் கையிலேயே இருந்தது. “ஏ பிள்ள, அம்புட்டுத் தூரத்துல இருந்து உனக்காக வந்துருக்காக, கிறுக்குப் பயபுள்ள” என்று நான் சத்தம் போட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “திட்டாதீங்க ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். எனக்குக் கோபம்.

“சின்னப்பிள்ள சொன்னான்னு எந்திரிச்சு வந்துட்டீகளே. படிச்சவுக செய்யிற காரியமா இது?”

“அவ சொல்றதக் கேட்க மாட்டேன்னா, அவகிட்ட எதுக்கு ஐயா கேட்டேன்?”

“நல்ல பிள்ளைன்னுதான சேத்தீக. இப்பக் கெட்டுப்போச்சுன்னு கழிச்சுட்டீகளா?”

அவர் முகம் வாடிப்போனது. “கழிக்க மாட்டேன். நல்லா இருந்த பிள்ளைக்குக் கஷ்டம் வரும். கஷ்டப்பட்ட பிள்ளை நல்லாவும் ஆகும். இது ரெண்டையும் பார்க்கத்தான் வருஷா வருஷம் வர்றேன்” என்றார். கயலுக்கு வந்திருப்பது பயம், வயிற்று வலி நடிப்பு அல்ல, உண்மையாகவே வலிக்கும் என்று சொன்னார். தேனி ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று மனநலம் பார்க்கும் ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி, அவரிடம் தானே பேசிவைப்பதாகவும் சொன்னார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் கயல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமாவே போயிட்டாகளா?” என்று கேட்டாள். “நீதான வேண்டாம்ன?” என்றேன். அவள் வெகுநேரம் சன்னலை விட்டு நகரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, சோறு தின்றுகொண்டிருக்கும்போது தாயிடம் கேட்டாள். “ஜீப்புல போக வேண்டாம்னு சொன்னா நீ கேப்பியா?” அதுவரை செருப்பைத்தான் ஒளித்தாளே தவிர, வாய் திறந்து இதைச் சொன்னதில்லை. முத்துமாரி, “போகாம இருக்க முடியாது தாயி. வேற என்ன செய்யணும்னு சொல்லு, செய்யிறேன்” என்றாள். பிள்ளை யோசித்துச் சொன்னாள்: ஓரத்தில் உட்காரக் கூடாது, ஆள் கூடுதலாக ஏறினால் இறங்கிவிட வேண்டும், தோட்டத்துக்குப் போனதும் போன் போட வேண்டும். முத்துமாரி ஒருநாள் உண்மையிலேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்குக் கூலி போனது. பிள்ளை பள்ளிக்கூடம் போனாள்.

ஆஸ்பத்திரிக்கும் பல மாதம் போய்வந்தோம். நல்லா இருப்பாள், மறுபடி படுப்பாள். ஒரே நாளில் எதுவும் தீரவில்லை.

அடுத்த வருஷம் அம்மா வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். “வரலாமா?” என்று கேட்டார். கயல் கதவில் சாய்ந்துகொண்டு, “மாட்டுக்கொட்டம் வரைக்கும் வரலாம்” என்றாள். அம்மா வெகு மரியாதையாக, “சரி” என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணிக்குள் நடந்தார். அன்றைக்குப் பேச்சு முழுவதும் அங்கேதான். பசு அவர் பையை நக்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த வருஷம்தான் வீட்டுக்குள் விட்டாள்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன். “எதும்மா சொகமாக்குச்சு? சனீஸ்வரன் கயிறா, ஆஸ்பத்திரியா, இல்ல நீங்க எந்திரிச்சுப் போனதா?” அவர் சிரித்தார். “எனக்கும் தெரியல ஐயா. தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்” என்றார். இத்தனை படித்தவருக்கே தெரியாது என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இன்றுவரை குழப்பம்தான்.

போன வருஷம் கைநாட்டுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் மைப்பெட்டியை மூடி, “இனிமே இதைத் தூக்கிட்டு வர வேண்டாம்” என்றார். “அடுத்த வருசம் நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றேன். அதற்குத்தான் காத்திருந்தேன். இப்போது அந்தத் தாளை யாருக்கு வாசிப்பது?

கயல் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவளிடம் போய், “உன்னப் பத்தி எழுதலாமாத்தா?” என்று கேட்டேன். பேரப்பிள்ளையிடம் அனுமதி கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வழக்கம்தான். அவள், “எழுதுங்க. மாட்டுக்கொட்டத்துல நான் அவுககிட்ட என்ன சொன்னேன்னு மட்டும் எழுதாதீக. உங்களுக்குக் கேட்டிருக்கும், எனக்குத் தெரியும்” என்றாள்.

கேட்டது உண்மைதான். அதைச் சொன்னால்தான் திலகவதி அம்மா யார் என்று உங்களுக்கு முழுவதும் விளங்கும் என்றும் எனக்குத் தோன்றியது.

“ஏன் வேண்டாங்குற?” என்று கேட்டேன்.

“காரணம் சொல்லத் தேவையில்ல தாத்தா” என்றாள்.

சரி என்றேன்.