ஜவ்வரிசிக் களத்தில் மூன்று வார்னிஷ்கள்

வார்னிஷ் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: புற ஊதா விளக்கடியில் நொடியில் உலரும் வார்னிஷுக்கு எந்த ஒளித்தூண்டியைப் போடுவது? விளக்கின் ஒளியை வாங்கிக்கொண்டு வார்னிஷை இறுகவைக்கும் மருந்துக்குத்தான் அந்தப் பெயர். அது இல்லாவிட்டால் நாள் முழுக்க விளக்கடியில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. எனக்கு இதற்கு விடை கிடைத்தது எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், சேலம் பக்கம் போன பயணத்தில். அப்போது சென்னையில் ஒரு சின்ன மை கம்பெனியில் வேதியியலாளராக இருந்தேன்.

சேந்தமங்கலத்தில் நல்லுசாமி என்பவர் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று, விளக்கு மெஷின் வாங்கி, அட்டைப்பெட்டி அச்சகம் போட்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர், பக்கத்திலேயே ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த அவருடைய மச்சான். எங்கள் வார்னிஷ் பூசிய பெட்டிகள் மஞ்சளாகின்றன என்று புகார் வந்தது. அடுத்த லோடும் அப்படியே போனால் மச்சான் ஆர்டரை நிறுத்திவிடுவார். பிறகு மெஷினை விற்க வேண்டியதுதான்.

ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சேலம். டவுன் பஸ்ஸில் நேராகச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குப் போனேன். ஒரு மளிகைக் கடை வாசலில் அந்த ஜவ்வரிசிப் பெட்டிகள் வெயிலில் அடுக்கியிருந்தன. முன்வரிசை நல்ல மஞ்சள். பின்வரிசை அவ்வளவு மோசமில்லை.

"பெட்டியே பழுப்பா இருந்தா உள்ள பழைய சரக்குன்னு யாரும் தொட மாட்டேங்கறாங்க" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து ராசிபுரத்தில் பஸ் மாறி சேந்தமங்கலம், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இடது ஜன்னல் பிடியுங்கள். ராசிபுரம் தாண்டினால் கொல்லிமலை கூடவே வரும். எதற்குப் போகிறேன் என்று கண்டக்டர் விசாரித்தார். வார்னிஷ் காய்கிறதா என்று பார்க்க என்றேன்.

"ஏனுங்க, அதுக்கு மெட்ராசுல வெயில் இல்லீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

நல்லுசாமி என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தார். "வாங்க அம்மிணி. ஆபீசர் பின்னால வாராருங்களா?"

"நான்தான் ஆபீசர்."

பாவம், அவசரமாக இளநீர் வெட்டச் சொன்னார். அதைக் குடிக்கும்போதுதான் ஆலையின் சிமெண்டுக் களத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம் வார்னிஷ் பூசிய அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன! எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. விளக்கிலேயே உலர்ந்ததை எதற்கு வெயிலில் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"காயாம எங்க களத்த விட்டு எதுவும் வண்டி ஏறாதுங்க. ஜவ்வரிசியும் தொட்டா காஞ்ச மாதிரித்தான் இருக்கும். உள்ள ஈரம் இருந்தா போச்சுங்க, பூஞ்சை புடிச்சுக்கும்."

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கடை வாசல் நினைவுக்கு வந்தது. இவர் நிறுத்தினாலும் அந்தக் கடைக்காரர் வெயிலில் அடுக்குவதை நிறுத்தப் போவதில்லை. மாற்ற வேண்டியது மருந்தைத்தான்.

கறுப்புத்தாள் சுற்றி மூன்று வார்னிஷ் மாதிரிகள் கொண்டுவந்திருந்தேன். முதலாவது அவர் வாங்கிக்கொண்டிருந்ததே: பென்சோபினோன், கூடவே அதற்குத் துணையாக ஓர் அமீன், மலிவு. இரண்டாவது பென்ஸில் கீட்டல், படுவேகமாக இறுகும். மூன்றாவது ஹைட்ராக்ஸி கீட்டோன். வெளிநாட்டுச் சரக்கு, விலையைக் கேட்டாலே எங்கள் மேனேஜருக்கு வியர்க்கும். எங்கள் ஆய்வகத்தில் விளக்கடியில் மூன்றைப் பூசிய அட்டைகளும் ஒன்றுபோலத்தான் வெள்ளையாக இருந்தன.

மூன்றையும் வெள்ளை அட்டையில் பூசி அவர் மெஷினிலேயே ஓட்டினோம். நகத்தால் சுரண்டினேன், எதுவும் பெயரவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் பாதியைத் தகரத்தால் மூடி, ஜவ்வரிசிக்கு நடுவே வைத்தோம். அன்று முழுக்க நல்லுசாமி அச்சகத்துக்கும் களத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வெயில் சாய்ந்ததும் மச்சானும் வந்தார். முதல் தகரத்தை எடுத்தேன்: வெயில் பட்ட பாதி மஞ்சள், நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி கோடு. இரண்டாவதிலும் அதே கோடு. மூன்றாவதை எடுத்தேன். நல்லுசாமி அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"கோடு எங்கீங்க? காணோமுங்களே?"

மச்சான் ஒரு பிடி ஜவ்வரிசியை அள்ளி அட்டைமேல் கொட்டி, பரப்பி, இரண்டு வெள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "சரி மாப்ள, அடுத்த லோட இதுலயே அடிச்சிரு" என்று சொல்லிவிட்டு ஆலைக்குள் போய்விட்டார். நல்லுசாமி களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. கொல்லிமலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். மாதிரிகளை வெளிச்சம் படாமல் கொண்டுபோங்கள். விலையைப் பார்த்து மருந்தைத் தள்ளாதீர்கள்; கொஞ்சம்தான் சேர்க்கிறோம். உங்கள் விளக்கடியில் பார்த்ததோடு நம்பிவிடாதீர்கள். சரக்கு நிற்கப்போகிற இடத்தில் அதை ஒரு நாள் நிற்கவையுங்கள்.

அட்டைகளை இனி காயப்போட வேண்டியதில்லை என்று கிளம்பும்போது நல்லுசாமியிடம் சொன்னேன். "சரிங்க" என்று பலமாகத் தலையாட்டினார். மறு வருடம் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இரண்டாவது மெஷினுக்கு மேடை கட்டியிருந்தார். களத்தில் ஜவ்வரிசிக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று, அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.