எஸ்தர் என்று எழுதிய வரி

கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் நோரா நர்ஸ். வயது முப்பத்திரண்டு. சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கும்படி அவளை "என் மருமகளே" என்று கூப்பிடுவது ஓஸ்வால்டின் அம்மாவுக்கு எட்டு வருஷப் பழக்கம். ஓஸ்வால்டு மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நோரா எடுத்துக்கொண்டாள்.

1954-ல் அவன் சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்து அவள் வார்டுக்கே வந்து படுத்தான். கட்டுப் போட்டதும் ஜுரம் பார்த்ததும் நோரா. கஞ்சி கொண்டுவந்தது வார்டு ஆயா பாஞ்சாலி. அவன் இடது கையால் ஸ்பூன் பிடிக்கத் தடுமாறியபோது அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். வீட்டுக்குப் போகும்போது நோராவிடம் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான். பாஞ்சாலியிடம் என்ன சொன்னான் என்பது மறு வருஷம் ஜனவரியில்தான் தெரிந்தது. சர்ச்சில் எல்லோருக்கும் அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்லிப் போதகரிடம் அவள் பெயரைக் கொடுத்திருந்தான்.

அன்றிலிருந்து பாஞ்சாலி கழுவிய எதுவும் சுத்தமாக இல்லை. "இன்னொரு தரம் கழுவு" என்பாள் நோரா. கழுவிக்கொண்டு வந்தால் அவள் பின்னல் கண்ணில் படும். என்ன நீளம்! தொம்மலூரிலிருந்து அத்தனை தூரம் தினம் நடந்து வருகிறவளுக்கு முகத்தில் எப்படி இந்தக் களை என்று எரிச்சல் வரும்.

ஓஸ்வால்டின் அம்மாவோ ஒரே பிடியாக நின்றாள். "கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கறவ என் வீட்டுக்கு வேணாம்." தனக்கு முன்பே ஆகிவிட்டது, நோரா சிஸ்டர்தான் கொடுத்தார்கள் என்றாள் பாஞ்சாலி. சர்ச் ரிஜிஸ்டரில் அவள் பெயர் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு தொடங்க மூன்று ஞாயிறுகளே இருந்தன. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும், லெந்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை இழுத்தால் மகன் மனசை மாற்றிவிடலாம் என்று அம்மா நம்பினாள். சனிக்கிழமை நோராவை விசாரிப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமையே ஓஸ்வால்டின் அம்மா வீடு தேடி வந்தாள். "நீ இல்லைன்னு சொன்னாப் போதும் நோரா. ஈஸ்டர் முடிஞ்சதும் உன் பேரை வாசிக்க வைக்கிறேன்."

அவள் போனதும் நோரா தன் பைபிளை எடுத்தாள். முதல் தாளில் அப்பா கையெழுத்தில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், சாவு. கடைசி வரி மட்டும் அவள் எழுதியது: "பாஞ்சாலி, எஸ்தர், 19 ஆகஸ்டு 1952."

அப்போது பாஞ்சாலி அவள் வார்டில் நோயாளி, டைபாய்டு. அன்று மத்தியானம் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சிஸ்டர், உங்க சாமிகிட்டயே என்னை விட்டுடுங்க" என்று கேட்டது பாஞ்சாலிதான். போதகருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை; சாகக் கிடப்பவருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நோரா கிளாஸ் தண்ணீரை அவள் நெற்றியில் ஊற்றினாள், வாயில் வந்த தன் அம்மாவின் பெயரையே வைத்தாள். பாஞ்சாலி பிழைத்து, அங்கேயே ஆயாவாகவும் சேர்ந்துவிட்டாள். போதகரிடம் சொல்லி ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும் என்பது முறை. டியூட்டி, லீவு என்று தள்ளிப்போட்டு நோரா மறந்தேபோனாள்.

மேஜை டிராயரில் பிளேடு இருந்தது. ஒரு தாள்தான்.

"ஆண்டவரே, அவ வேணாம்னு நீரே சொல்லிடக்கூடாதா?" என்று கேட்டாள். வசனம் ஏதாவது தன் பக்கம் பேசாதா என்று பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றும் பேசவில்லை. இல்லை என்று சொன்னால் பாஞ்சாலியை மட்டுமா இல்லையென்பது? அந்தத் தண்ணீரோடு தான் சொன்ன பிதா, குமாரன், பரிசுத்த ஆவி? "சரி, சொல்லிடறேன். சந்தோஷமா சொல்லச் சொல்லாதீர்."

சனிக்கிழமை பாஞ்சாலி, ஓஸ்வால்டு, அவன் அம்மா மூவரும் நிற்க, நோரா போதகர் முன்னால் பைபிளைத் திறந்து வைத்தாள். "ஆமாங்கய்யா, நான்தான் கொடுத்தேன். தேதி பாருங்க. அப்போ இவளுக்கு ஓஸ்வால்டு யாருன்னே தெரியாது. உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு."

"எட்டு வருஷம் மருமகளேன்னு கூப்பிட்டேனேடி!" என்றாள் ஓஸ்வால்டின் அம்மா.

"உங்க பையனை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிட்டிருக்கலாம் ஆன்ட்டி."

ஓஸ்வால்டு தலை குனிந்துகொண்டான். போதகர் ரிஜிஸ்டரை இழுத்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் பாஞ்சாலி நோராவின் கையைப் பிடித்தாள். "அக்கா, எனக்கு அம்மா இல்லை. கல்யாணத்தன்னிக்கு நீங்கதான் எனக்கு முக்காடு போட்டுவிடணும்."

நோரா கையை உருவிக்கொண்டாள். "அதுக்கு வேற ஆளைப் பாரு. கர்த்தர் என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்."

மூன்று ஞாயிறும் முன் பெஞ்சில் உட்கார்ந்து ஓலையைக் கேட்டாள். தன் அம்மாவின் பெயர் ஓஸ்வால்டின் பெயருக்குப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். கல்யாணத்தன்று டியூட்டி மாற்றிக் கேட்டு வார்டிலேயே இருந்தாள். பத்து மணிக்கு சர்ச் மணி அடித்தது.

"யாருக்குக் கல்யாணம் சிஸ்டர்?" என்றாள் மூன்றாம் கட்டில் கிழவி.

நோரா தெர்மாமீட்டரை உதறினாள். பாஞ்சாலியை அதுவரை அவள் கூப்பிட்டே பார்க்காத பெயர் வாயில் வந்தது.

"எஸ்தருக்கு" என்றாள். "வாயைத் திறங்க."