மோந்து பார்க்கும் ஆட்டம்

"ஜாஸ்தி பேசாதீங்க, கைய வச்சுப் பாருங்க" என்று ஒரு வளர்ந்த ஆளின் முன்னால் ஏழு தோல் துண்டுகளைக் கொட்டுகிறார் ஹெலன். ஷூ கம்பெனியில் வெட்டி எறிந்த கழிவு. அதைச் சதுரமாக அடுக்க வேண்டும். பெற்றோர்தான் முதலில் ஆட வேண்டும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். முடியாவிட்டால் எழுந்து நின்று "எனக்குத் தெரியல" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். போன மாதம் நானும் சொன்னேன். என் மகனுக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம்.

ஆம்பூரில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில், ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கான இந்த அறிவியல் வகுப்பு நடக்கிறது. எல்லாரும் ஹெலனை டீச்சர் என்கிறார்கள். அவர் டீச்சரே இல்லை. ஷூ கம்பெனி லேபில் புது ஷூவை மெஷினில் மாட்டி, ஆயிரக்கணக்கான தடவை மடக்கி, எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்பதுதான் இருபது வருட வேலை. அந்தப் பொறுமையை மனிதர்களிடம் காட்டமாட்டார். விடை கேட்டால், "நான் இன்னா கூகுளா?" என்று கடிப்பார்.

மூக்கைப் பற்றிச் சொல்லித்தர அவரே ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடுவார். ஐந்து பேர் கையை நீட்டுவார்கள். மோந்து பார்த்தே அப்பாவின் கையைக் கண்டுபிடிக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் தபரேஸின் மகன், "பெருங்காயம்!" என்று கத்திக்கொண்டு அப்பாவைப் பிடித்தான். ஒரே கைதட்டல்.

அடுத்து எழிலரசி. எட்டு வயது. அவள் அப்பா கோதண்டபாணி, தோல் பதனிடும் ஷாப்பில் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் புரட்டுகிறவர். அவர் கையருகே வந்ததும் அவள் நின்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இது எங்கப்பா இல்ல" என்றாள். நகர்ந்துபோய் வேறொருவர் கையைப் பிடித்து, "இதான்" என்றாள்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. கோதண்டபாணி நீட்டிய கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "பாப்பாவுக்கு ஜலதோஷம் டீச்சர்" என்றார்.

எல்லாரும் போன பிறகு ஹெலன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே வாடையில கெடந்தா மூக்கு மரத்துப்போகும்னு நான்தான் பாடம் எடுத்தேன். இருவது வருஷமா தோல் வாடையில கெடக்குறேன், அவரு கை வாடை அடிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கொழந்தைய எல்லார் முன்னாடியும் பொய் சொல்ல வச்சிட்டேன். அசிங்கமா இருக்குங்க" என்றார். ஆறுதல் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த ஆட்டத்தையே எடுத்துவிட்டார். தண்ணீரில் எண்ணெய் மிதப்பதைக் காட்ட, தம்ளர்களும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும் மேஜையில் இருந்தன. முதல் ஆளாக வந்து நின்றவர் கோதண்டபாணி. பக்கத்தில் மகள்.

"மோந்து பாக்குற ஆட்டம் இன்னிக்கும் வைங்க டீச்சர். ஒரு வாரமா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிருக்கேன். வாடை கம்மியாய்டுச்சு. இந்த வாட்டி பாப்பா கரெக்டா சொல்லிடும்."

நீட்டிய இரண்டு கைகளும் தோலுரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தன. எழிலரசி தரையைப் பார்த்தாள்.

ஹெலன் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கோதண்டபாணியின் உள்ளங்கையில் கவிழ்த்தார். "ஐயோ, வுடுங்க டீச்சர்" என்று அவர் கையை இழுத்தார். ஹெலன் விடவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு விரலாகத் தடவத் தொடங்கினார்.