மைதீன் பெயரில் ஒரு கட்டில்: தாராவியிலிருந்து காலேஜ் ஆஸ்பத்திரிக்கு

பம்பாயிலிருந்து ஊருக்கு ரயிலில் போகும்போது நடுவழியில் நோய் வந்தால் என்ன செய்வது, அந்தப் பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகளுக்கு எப்படிப் போவது என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் வழி தெரியும். அதுவும் அறுபதுகளில் போன வழி. கட்டணமெல்லாம் மாறியிருக்கும். நான் எதையும் மறக்கவில்லை.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்காக வாயை மூடிக்கொண்ட ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இன்றைக்கும் கெட்ட பெயர் வரக்கூடாது. புனாவைத் தாண்டி, கரும்பும் சோளமும் விளைகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மேலப்பாளையத்துக்காரர்கள், தாராவியில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு துணி மில்லில் நிரந்தர வேலை. பெயரும் தகப்பன் பெயரும் விலாசமும் நம்பரும் போட்ட சீட்டு உண்டு, போட்டோ கிடையாது. தாராவியில் சொந்தமாகத் தோல் பட்டறையும் வைத்திருந்தார். இரண்டில் எதையும் விட மனமில்லை. ஊரிலிருந்து என் தம்பி சாகுல் ஹமீதை வரவழைத்து, சீட்டைக் கையில் கொடுத்து, தனக்குப் பதிலாக மில்லுக்கு அனுப்பினார். இரண்டு வருஷம் என் தம்பி என் வீட்டுக்காரர் பெயரில் வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான். என் தம்பியை வைத்துச் செய்தது இவர்தான்.

பஞ்சுத் தூசியில் அவனுக்கு இருமல் வந்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் விடவே இல்லை. உம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு ரயிலேறினான். சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தந்தி வந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்வாசலில் கடை வைத்திருந்த, இங்கிலீஷ் தெரிந்த டீக்கடைக்காரர் வாசித்தார்.

“மைதீன் ஆஸ்பத்திரியில கெடக்காராம். நெலம மோசமாம், ஒடனே வரணுமாம்.” வாசித்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அது அவர் பெயர். “ஓய், நீரு இங்க மீன் கொழம்பு ஊத்தித் தின்னுக்கிட்டிருக்கீரு.”

எனக்கு விளங்கிவிட்டது. “கெளம்புங்க,” என்றேன்.

“நான் போயி நின்னா மைதீன் ரெண்டு பேரு எப்படின்னு கேப்பான். மில்லு வேல போயிரும். நீ போயிட்டு வா.”

“உங்க சீட்டத் தூக்கிக்கிட்டுத்தான் அவன் இருமினான்.”

“அதான் சொல்லுதேன், சத்தம் போடாத.”

தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். நான் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மூத்தவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்தேன். இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து லோக்கலில் தாதர், பத்து பைசா. தாதரில் ஏழு பத்துக்குத் தெற்கே போகிற வண்டி. மூன்றாம் வகுப்பு எட்டு ரூபாய் நாற்பது பைசா, இருநூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கர்ஜத்தில் மலை ஏறுவதற்காகப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுவார்கள், பத்து நிமிடம் நிற்கும். வடை நன்றாக இருக்கும் என்பார்கள். நான் வாங்கவில்லை.

இறங்கியபோது நாலு மணி. ஆஸ்பத்திரி இரண்டு மைல். குதிரை வண்டிக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார். அரை ரூபாய்தான் நியாயம், பேரம் பேச வாய் வரவில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று இந்தியில் கேட்டார். தம்பிக்கு என்றேன். “பயப்படாதே தங்கச்சி, என் பொண்டாட்டியை ரெண்டு தடவை பிழைக்க வச்ச இடம்,” என்று சொல்லிக் குதிரையை விரட்டினார்.

ஆஸ்பத்திரி வாசல் சந்தை போல் இருந்தது. மாட்டு வண்டிகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டிச் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்; ஐம்பது அறுபது மைலிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து, குணமாகும்வரை அங்கேயே குடியிருக்கும் சனங்கள். உள்ளே ஒரு பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாக நின்று பேச, வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலேயே எழுதிக்கொண்டு போனார்கள். மைதீனுக்குப் பதினேழாம் நம்பர் கட்டில் என்று வாசலில் சொல்லியிருந்தார்கள். அதில் வேறு ஆள் படுத்திருந்தார்.

எழுதிக்கொண்டிருந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னைக் கண்டு தனியே வந்தாள். “தமிழா? நான் கிங்ஸ் சர்க்கிள்,” என்றாள். பம்பாயில் மாட்டுங்காவை ஒட்டிய இடம் அது; பாலக்காட்டுப் பேச்சு. என்னை உட்காரச் சொன்னாள். “நேத்து கார்த்தால போயிட்டார்மா. ரயில்லேர்ந்து இறக்கிக் கொண்டுவந்தா, நான்தான் அவர் கேஸைப் பார்த்துண்டேன்.”

குழந்தையை அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். “எங்கிட்ட பேர் சாகுல்னார். சீட்டுல மைதீன்னு இருக்கேன்னேன். இல்லே, சாகுல்தான்னு திருப்பித் திருப்பிச் சொன்னார். ஜுரத்துல தன் பேரே மறந்து பேசறார்னு கேஸ் பேப்பர்ல எழுதிட்டேன்.” என் முகத்தைப் பார்த்தாள். “அவர் சரியாத்தான் சொன்னாரோ?”

குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“சரி, நான் ஒண்ணும் கேக்கலை. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவா. தந்திக்குப் பதிலே வரலையா, யாரும் இல்லேன்னு நெனச்சுண்டிருக்கா. இன்னிக்கு வாங்கிக்கலேன்னா நாளைக்குக் காலேஜுக்கு எடுத்துண்டு போயிடுவா. நாங்க அறுத்துப் பார்த்துப் படிக்கறதுக்கு.”

அவளோடு ஆபீஸ் ஜன்னலுக்குப் போனபோது மணி நாலே முக்கால். தம்பி என்றேன். குமாஸ்தா என் வாப்பா பெயரைக் கேட்டார். சீட்டில் இருந்த தகப்பன் பெயரோடு ஒத்துவரவில்லை. மைதீனின் பெண்டாட்டியோ கூடப்பிறந்தவர்களோ வரவேண்டும் என்று புத்தகத்தை மூடப் போனார். உண்மையைச் சொன்னால் போலீஸ், மில், இரண்டு பிள்ளைகளின் சோறு. சொல்லாவிட்டால் தம்பி நாளைக்கு மேசை மேல்.

“நான்தான் பெண்டாட்டி,” என்றேன். முதலில் இவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று அந்தப் பெண் மராத்தியில் சமாளித்தாள்.

“புருஷன் பெயரைச் சொல்லு,” என்றார் குமாஸ்தா.

எங்களில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக “மைதீன்” என்றேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்தான், கையெழுத்துப் போடத் தெரியும். அந்தப் பொய்க்குக் கீழே என் பெயரை எழுத மனம் வராமல் கைநாட்டு வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்ப, பள்ளிவாசலிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள், மையித்தைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் குறைவில்லாமல் செய்தார்கள். பொழுது சாய்ந்து தொழும் மஃரிபுக்கு முன்னால் அடக்கினார்கள். பெண்கள் உள்ளே போவதில்லை, நான் கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே நின்றேன். துஆ ஓதப் பெயர் கேட்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அங்கே குமாஸ்தா இல்லை. சாகுல் என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் பக்கத்தில் நின்றானே என்று மறுபடியும் மைதீன் என்றேன். வீட்டுக்காரர் மேல் எனக்குள்ள ஆத்திரம் தனி. இது என் மேல் உள்ளது.

மறுநாள் பகல் வண்டியில் திரும்பினேன். தாராவி வந்து சேர மாலை ஆறு. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“அடக்கியாச்சா?” என்றார். அடுத்தது, “சீட்டு இருக்கா?”

ஆஸ்பத்திரியில் கொடுத்த தம்பியின் சட்டைக்குள் இருந்து எடுத்தேன். “இந்தாங்க மைதீன்,” என்றேன். டீக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அன்று முதல் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். சோறு வைக்கும்போதும், நாலு பேர் கூடிய கல்யாண வீட்டிலும். ஊரிலிருந்து வந்த மாமியார், “புருஷன் பேரச் சொல்லுதியே, வாயி வேகாதா?” என்றார். “உங்க மவன் பேருல ஒரு மையித்த வாங்குனேன் மாமி, அப்பமே வேகல,” என்றேன். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் இருந்தார். ஏன் அப்படிக் கூப்பிடுகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆபீஸ் மூடுமுன் போய்ச் சேருகிற வண்டியாகப் பாருங்கள். பாய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடிச் சனங்கள் ரொட்டி தந்தால் மறுக்காதீர்கள்; அன்று என் குழந்தைக்குப் பால் காய்ச்சித் தந்து, எங்களைப் படுக்க வைத்தவர்கள் அவர்கள்தான். பெரிய டாக்டருக்கு நேரம் இருக்காது, படிக்கிற பிள்ளைகளிடம் பேசுங்கள். நோயாளி காய்ச்சலில் என்ன சொன்னாலும் உளறல் என்று தள்ளாமல் கேட்கச் சொல்லுங்கள்.

சாகுல் ஹமீது, தகப்பனார் பக்கீர், மேலப்பாளையம், வயது இருபத்திரண்டு. இப்படி எங்கேயும் எழுதப்படவில்லை, இங்கேதான் எழுதியிருக்கிறேன். அவனுக்காக துஆ செய்ய நினைப்பவர்களுக்கு ஊர் தெரிய வேண்டியதில்லை. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், போதும்.